டி.சி.டி. வண்டி, 41,000 கி.மீ.யில் கிளட்ச் போய்விட்டது: தப்பு என் மேலா, கியர்பாக்ஸ் மேலா?

சிறுசேரி ஷிஃப்ட்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாக இதையே பேசிப் பேசி வீட்டில் என் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு டர்போ பெட்ரோல் வண்டி எடுத்தேன். 7 கியர் டூயல் கிளட்ச், அதாவது டி.சி.டி. ஆட்டோமேட்டிக். கிளட்ச் உலர் வகை என்று இப்போதுதான் தெரியும், வாங்கும்போது அப்படி ஒரு வகை இருப்பதே தெரியாது. கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களோடு பேச்சு இன்னும் முடியவில்லை, தவிர பெயரைப் போட்டால் அந்தக் கம்பெனி ரசிகர்களும் எதிர்க் கம்பெனி ரசிகர்களும் அடித்துக்கொள்வதில் என் கேள்வி காணாமல் போய்விடும்.

டெஸ்ட் டிரைவ் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஈ.சி.ஆரில். ரோடு காலி. கியர் மாறுவதே தெரியவில்லை, மிதித்த நொடியில் இழுக்கிறது, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஆனால் நான் தினமும் ஓட்டுவது ஈ.சி.ஆரில் இல்லை. வேளச்சேரியில் இருந்து சிறுசேரி, ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடக்கும்போது. சில நாள் ஒன்றரை மணி நேரம். அதில் பாதி நேரம் நடந்து போகிறவர் என்னை முந்திக்கொண்டு போவார்.

முதல் ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை. 28,000 கி.மீ. வாக்கில் உருட்டும்போது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு உதறல் ஆரம்பித்தது, பழைய டவுன் பஸ் கிளம்பும்போது வருமே, அந்த மாதிரி. அப்புறம் எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் சரிவில் ஏறும்போது கருகின வாடை. நான் பக்கத்து வீட்டுக் குக்கர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மே மாதம் ஒரு மத்தியானம் துரைப்பாக்கத்தில் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது மீட்டரில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்து என்று எழுத்து வந்துவிட்டது. நிறுத்த ஓரம் எங்கே இருக்கிறது அந்த ரோட்டில்? எப்படியோ ஒரு டீக்கடை வாசலில் ஏற்றி நிறுத்தி, அப்பாவை ஆட்டோவில் அனுப்பினேன்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு ஏதோ 'ரீலேர்ன்' செய்தார்கள். ஒரு மாதம் சரியாக இருந்தது. திரும்ப அதே உதறல். இப்போது 41,000. இரண்டு கிளட்சும் தேய்ந்துவிட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும், ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும் என்கிறார்கள். கிளட்ச் தேயும் பாகம், அதனால் வாரண்டியில் வராதாம். இதற்கெல்லாம் மேலாக சர்வீஸ் அட்வைசர் சொன்னது: "சார், நீங்க டிராஃபிக்ல பிரேக்கை விட்டு விட்டு உருட்டுறீங்க, அதான் காரணம்." எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. பிரேக்கை விட்டால் உருளும் என்றுதானே மனுஷன் ஆட்டோமேட்டிக்கே வாங்குகிறான்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிஜமாகவே நான் ஓட்டியதுதான் தப்பா? காசைப் போட்டு மாற்றி ஓட்டலாமா, மாற்றிய கையோடு விற்றுவிடலாமா? புது கிளட்சும் மூன்று வருடத்தில் போனால் நான் என்ன செய்வது?

பன்னிரண்டு பதிமூணு ஸ்பேனர்:

தம்பி, இருபத்தைந்து வருடமாக வண்டி வேலை பார்க்கிறேன், இப்போது சொந்தமாக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். உங்கள் வண்டி மாதிரி மாதத்துக்கு இரண்டாவது வருகிறது, பெரும்பாலும் உங்கள் ஓ.எம்.ஆர். பக்கத்தில் இருந்துதான்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் என்கிற ஒரே பெயரில் நாலு சாமான் விற்கிறார்கள். ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், அதில் உங்கள் காலுக்கும் கைக்கும் பதில் மோட்டார். சி.வி.டி.யில் கியர் சக்கரமே கிடையாது, பெல்ட்டும் புல்லியும். டார்க் கன்வெர்ட்டர் பழைய ஆள். எதிரெதிரே இரண்டு ஃபேனை வைத்து ஒன்றைப் போட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா, அதே கதை, காற்றுக்குப் பதில் ஆயில். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் உரச ஒன்றும் இல்லை என்பதால் நாள் முழுக்க பிரேக்கை விட்டு விட்டு உருட்டினாலும் அது கவலைப்படாது. ஆயில் சூடாகும், கூலர் ஆற்றிவிடும்.

உங்களுடையது நாலாவது. ஒரே கூட்டுக்குள் இரண்டு மேனுவல் கியர்பாக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5, 7 ஒரு கிளட்சில், 2, 4, 6 இன்னொரு கிளட்சில். நீங்கள் இரண்டாவது கியரில் போகும்போதே கம்ப்யூட்டர் மூன்றாவதைப் போட்டுத் தயாராக வைத்திருக்கும். ஒரு கிளட்ச் விடுகிற அதே நேரத்தில் மற்றது பிடிக்கும், அவ்வளவுதான் வேலை. அதனால்தான் ஈ.சி.ஆரில் உங்களுக்கு மாறுவதே தெரியவில்லை. மைலேஜும் நன்றாக வரும்.

ஆனால் நிற்கிற வண்டி கிளம்ப வேண்டும் என்றால்? கிளட்ச் உரசித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. முதல் கியரில் இன்ஜின் ஐடிலில் சுற்றும்போது வண்டி சுமார் 7, 8 கி.மீ. வேகத்தில் போகும். அதற்குக் கீழே நீங்கள் போகிற ஒவ்வொரு நொடியும் கிளட்ச் முழுசாகப் பிடிக்க முடியாது. அதாவது ஆஃப் கிளட்ச். மேனுவல் வண்டியில் ஆஃப் கிளட்சிலேயே ஓட்டினால் இடது கால் வலிக்கும், வாடை வரும், அப்பா பக்கத்தில் இருந்தால் திட்டுவார். உங்கள் வண்டியில் கால் வலி இல்லை, அதனால் ஒன்றரை மணி நேரம் ஆஃப் கிளட்சில் ஓட்டுகிறோம் என்பதே தெரியாது. இதில் ஒரு 10 கி.மீ. வேகம் வந்ததும் மைலேஜுக்காக இரண்டாவதைப் போடும், நீங்கள் பிரேக் அடிப்பீர்கள், ஒன்றுக்கு வரும், திரும்ப இரண்டு. இரண்டு கிளட்சும் மாற்றி மாற்றித் தேயும். உலர் கிளட்சுக்கு ஆற்ற ஆயில் கிடையாது, சுற்றி இருக்கிற காற்றுதான், அக்னி நட்சத்திரத்தில் அந்தக் காற்றே கொதிக்கும். பிளேட் மேல் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு ஏறிவிட்டால் பிடிக்கும்போது வழுக்கி வழுக்கிப் பிடிக்கும். உங்கள் உதறல் அதுதான்.

'ரீலேர்ன்' என்று செய்தது, தேய்ந்த பிளேட் இப்போது எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுப்பது. மருந்து இல்லை, வலி மாத்திரை.

உங்கள் தப்பா என்றால், அட்வைசர் சொன்ன காரணம் சரி, சொன்ன நேரம்தான் மூன்று வருடம் லேட். சாவி கொடுக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். புது கிளட்ச் போட்டால் இப்படி ஓட்டிப் பாருங்கள்: முன்வண்டி நகர்ந்ததும் நீங்களும் ஒரு அடி நகராதீர்கள். இடம் விடுங்கள், ஒரு வண்டி நீளமாவது சேர்ந்ததும் பிரேக்கை முழுசாக விட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக் கிளட்ச் பிடிக்கிற வேகத்துக்குப் போய்விடுங்கள், அப்புறம் முழுசாக நிறுத்துங்கள். நின்றால் பிரேக்கை அழுத்தமாகவே மிதியுங்கள். பாதி மிதித்து வைத்தால் கிளட்ச் உரசிக்கொண்டே இருக்கும். நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் ஆட்டோ ஹோல்டு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஊர்கிற டிராஃபிக்கில் மேனுவல் மோடில் ஒன்றாம் கியரிலேயே வைத்துக்கொள்ளலாம், இரண்டாவது கிளட்சாவது பிழைக்கும். சரிவில் ஆக்சிலரேட்டரை வைத்து வண்டியைத் தாங்கி நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம், பேஸ்மெண்டில் நீங்கள் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன். திரும்ப சூடு எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி, 'பி'யில் போட்டு, இன்ஜினை ஓடவிடுங்கள். உடனே அணைக்க வேண்டாம்.

மாற்றும்போது இரண்டு கிளட்சும் செட்டாகத்தான் வரும், ஃபோர்க்கும் பேரிங்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்குத் தனி டூல் வேண்டும், என்னைப் போன்ற ஆட்கள் எல்லாருக்கும் வராது, ரோட்டோரத்தில் குறைத்துச் செய்கிறேன் என்பவனிடம் கொடுத்துவிடாதீர்கள். முக்கியமாக, பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாற்பது வளைவு:

எனக்கு நேர் எதிர் அனுபவம், அதையும் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் இந்தத் திரியைப் படிக்கிறவர்கள் எல்லாரும் டி.சி.டி. என்றாலே பேய் மாதிரி பார்ப்பார்கள்.

பொள்ளாச்சி. டாடா ஆல்ட்ராஸ், 2022, டி.சி.ஏ. என்று பெயர் வைத்திருக்கிறார்களே அந்த 6 கியர் டூயல் கிளட்ச். இதில் கிளட்ச் ஆயிலில் முங்கியிருக்கும், ஈர வகை. வேலை விஷயமாக மாதத்துக்கு இரண்டு மூன்று முறை ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறுகிறேன், 40 கொண்டை ஊசி வளைவு. மழையில் ஏறியிருக்கிறேன், டீ லாரிக்குப் பின்னால் பத்து கி.மீ. வேகத்தில் ஏறியிருக்கிறேன். 50,000 தாண்டிவிட்டது, ஒரு முறை கூட எச்சரிக்கை வந்ததில்லை. மச்சானிடம் உலர் கிளட்ச் வண்டி, கோவையில் இருந்து பெங்களூருக்கும் திரும்பவும் என்று ஹைவேயிலேயே ஓடுகிறது, அவருக்கும் கிளட்ச் கல்லு மாதிரி இருக்கிறது. ஆக வண்டியைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது, ரோட்டையும் பார்க்க வேண்டும்.

குறை இல்லாமலும் இல்லை. பார்க்கிங்கில் அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுக்கும்போது கொஞ்சம் தயங்கித் திடீரென்று நகரும், பின்னால் சுவர் இருந்தால் வயிற்றைக் கலக்கும். இன்னொன்று, கம்ப்யூட்டர் அடுத்த கியரை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் என்று ஸ்பேனர் அண்ணன் சொன்னார் இல்லையா, அது ஊகம்தான். மேலே போவீர்கள் என்று நினைத்து மேல் கியரை வைத்திருக்கும், நீங்கள் லாரியை முந்த ஒரே மிதியாக மிதிப்பீர்கள், அது தலையைச் சொறிந்துவிட்டுக் கீழ் கியரைத் தேடும். அந்த ஒரு விநாடி ரொம்ப நீளம். மலையில் நானே பேடல் ஷிஃப்டராலோ கியர் லீவராலோ இறக்கிக்கொண்டுதான் முந்துவேன், யாருடைய வண்டியாக இருந்தாலும்.

டீசல் மேனுவல்:

ஐந்து கியர், ஒரு கிளட்ச், 1.4 லட்சம் கி.மீ., ஒரே ஒரு தடவை கிளட்ச் மாற்றினேன், பத்தாயிரம் கூட ஆகவில்லை. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

சிறுசேரி ஷிஃப்ட்:

@டீசல் மேனுவல்: அண்ணா, என் இடது முட்டி சொல்லும் பதிலை இங்கே எழுத முடியாது.

@ஸ்பேனர் அண்ணன்: மூன்று வருடமாக யாரும் சொல்லாததை ஒரே பதிலில் சொல்லிவிட்டீர்கள். ஆனால் ஓ.எம்.ஆரில் ஒரு வண்டி நீளம் இடம் விட்டால் அதில் இரண்டு ஆட்டோவும் நாலு பைக்கும் வந்து நிற்கும், அப்புறம் நான் திரும்ப இடம் விட வேண்டும், ராத்திரி வரை வேளச்சேரியிலேயேதான் இருப்பேன்.

ஒரு சந்தேகம், ஈர கிளட்ச் என்றால் இந்தத் தொல்லை இல்லவே இல்லையா?

பழைய பேப்பர்:

இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தக் கியர்பாக்ஸ் கதையை ஆரம்பத்தில் இருந்தே படித்துக்கொண்டு வருகிறேன், கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும்.

யோசனை 1939-லேயே பிரான்சில் அடோல்ஃப் கெக்ரெஸ் என்பவருக்கு வந்தது, அப்போது அதைக் கட்டுப்படுத்த கம்ப்யூட்டர் ஏது, அப்படியே கிடந்தது. எண்பதுகளில் போர்ஷே ரேஸ் வண்டிகளில் போட்டுப் பார்த்தார்கள். ரோட்டு வண்டிக்கு 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கால்ஃப் ஆர்32-வில் வந்தது, பெயர் டி.எஸ்.ஜி. அது 6 கியர், ஈர கிளட்ச். 60,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும், அதைச் செய்தவர்கள் நிம்மதியாக ஓட்டினார்கள். 2008-ல் சின்ன இன்ஜின்களுக்கு 7 கியர் உலர் கிளட்ச் கொண்டுவந்தார்கள். இன்ஜினின் முறுக்குவிசையை 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும். கிளட்சை ஆற்ற ஆயில் பம்ப் சுற்ற வேண்டாம், எடை குறைவு, மைலேஜ் கூடும். தலைவலி இங்கேதான் ஆரம்பம்.

2013 மார்ச் 15 அன்று சீன அரசுத் தொலைக்காட்சி நுகர்வோர் தின நிகழ்ச்சியில் இந்தக் கியர்பாக்ஸ் கோளாறைப் போட்டு உடைத்தது. சில நாளிலேயே ஃபோக்ஸ்வாகன் அங்கே 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதே வருடம் நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகள். அதில் கிளட்ச் கூட இல்லை குற்றவாளி, கியர் ஆயில். வெயிலும் ஈரப்பதமும் அதிகமாக இருந்து, ஊருக்குள் நின்று நின்று ஓடினால், அந்த சிந்தெடிக் ஆயிலால் எலக்ட்ரானிக்ஸில் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம் என்று மினரல் ஆயிலுக்கு மாற்றினார்கள். வெயில், ஈரப்பதம், நின்று நின்று ஓடும் ரோடு: நம் ஊரைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது மாதிரி இல்லை?

அடுத்தது ஃபோர்டின் பவர்ஷிஃப்ட். இதுவும் உலர் கிளட்ச்தான், ஆனால் 6 கியர். அமெரிக்காவில் 2011 முதல் 2016 வரையிலான ஃபியஸ்டா, 2012 முதல் 2016 வரையிலான ஃபோகஸ். உதறல் புகார் குவிந்து, கிளட்ச் வாரண்டியை 7 வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் என்று நீட்ட வேண்டியதாயிற்று, வழக்கும் வருடக்கணக்கில் ஓடியது. கேள்வி கேட்டவர் கவனமாகப் படிக்க வேண்டியது ஆஸ்திரேலியா கதை. அங்கே ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் உதறல் என்று போனால், நீங்கள் ஓட்டும் விதம் அப்படி என்று அடிக்கடி திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வண்டியில் குறை இருப்பது கம்பெனிக்குத் தெரிந்தே. நுகர்வோர் ஆணையம் கோர்ட்டுக்குப் போய், 2018-ல் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம். உங்கள் அட்வைசர் சொன்னது புது வசனம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் குறை உண்டா என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது, அது வேறு.

ஈகோஸ்போர்ட் நம்ம மறைமலை நகர் ஃபேக்டரியில் தயாரான வண்டி. 2013-ல் வந்தபோது 1.5 பெட்ரோலில் பவர்ஷிஃப்ட் இருந்தது. 2017-ல் முகம் மாற்றி விட்டபோது சத்தமில்லாமல் டார்க் கன்வெர்ட்டர் வைத்துவிட்டார்கள். இப்போது ஃபோக்ஸ்வாகன் இங்கே விற்கும் விர்ட்டஸ், டைகுனைப் பாருங்கள், 1.0 இன்ஜினுக்கு டார்க் கன்வெர்ட்டர், 1.5-க்கு டி.எஸ்.ஜி. ஊருக்குள் ஓட்டுபவனுக்கு எதைத் தர வேண்டும் என்று அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும் போல, இது என் ஊகம்தான்.

ஈர கிளட்சுக்கு வருகிறேன். சூட்டை ஆயில் எடுத்துக்கொள்கிறது, அதனால் டிராஃபிக்கில் ரொம்பத் தாங்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஆயிலைத் தள்ள ஒரு பம்ப் வேண்டும். 2022-ல் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் 8 கியர் ஈர கிளட்ச் வண்டிகளைத் திரும்ப அழைத்தது அந்த எலக்ட்ரிக் ஆயில் பம்ப் கோளாறுக்குத்தான். கிளட்ச் நன்றாக இருந்தும் வண்டி நின்றுவிடும். ஆக, தொல்லை போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: வாயால் பேசுவதை நிறுத்துங்கள். ஈமெயில். 28,000-ல் முதல் புகார், மே மாத எச்சரிக்கை, ரீலேர்ன் செய்த தேதி, எல்லா ஜாப் கார்டு நகலும் இணைத்து, கிளட்ச் தேய்ந்ததற்குக் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். ஓட்டியது தப்பு என்று எழுத்தில் தர எவரும் யோசிப்பார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை எழுந்ததில் இருந்து இரண்டு வருடத்துக்குள்.

ஏ9 வீதி:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறன். எங்கட பக்கம் இந்தக் கதை வேறு மாதிரி வந்தது.

இங்கே புது வாகனம் வாங்குபவர்கள் குறைவு. ஜப்பானில் இருந்து வரும் ரீகண்டிஷன் வாகனங்கள்தான், அதிலும் 2014, 2015 காலத்தில் ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட் வந்து குவிந்தது. அதில் இருப்பதும் 7 கியர் இரட்டை கிளட்ச்தான், கூடவே ஒரு மின் மோட்டார். அந்த ஃபிட் 2013 செப்டம்பரில் ஜப்பானில் வந்து, ஒரு வருடமும் சில வாரங்களும் போவதற்குள் ஐந்து முறை ரீகால் செய்தார்கள், அதாவது திரும்ப அழைத்தார்கள். அதில் பல முறை கியர்பெட்டியும் அதை இயக்கும் மென்பொருளும்தான் காரணம்.

எங்களுக்கு வந்த சிக்கல் என்னவென்றால், ஏலத்தில் எடுத்துக் கப்பலில் ஏற்றிய வாகனத்துக்கு அந்த மென்பொருள் மாற்றம் செய்தாயிற்றா இல்லையா என்று வாங்குபவருக்குத் தெரியாது. கராஜ்காரர் கிளட்ச் பிழை என்பார், இன்னொருவர் பேட்டரி பிழை என்பார், காசு போய்க்கொண்டே இருக்கும். நான் வாங்க முன்னம் சேசிஸ் இலக்கத்தைப் போட்டு ரீகால் எல்லாம் முடிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். இன்றுவரை நல்லாய் ஓடுகிறது. 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள், அந்த ஐந்து வருடமும் இருக்கிறதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய நிலை, அதனால் நாங்கள் எல்லோரும் பாதி மெக்கானிக் ஆகிவிட்டோம்.

ஏன் சொல்கிறேன் என்றால், தம்பி, கிளட்ச் மாற்றுவதற்கு முதல் உங்கள் கியர்பெட்டியின் மென்பொருள் எந்தப் பதிப்பில் இருக்கிறது, அதற்குப் பிறகு கம்பெனி புதிது விட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கிளட்சை எவ்வளவு வேகமாகப் பிடிக்க வேண்டும், எப்போது இரண்டாவது போட வேண்டும் என்று சொல்வது அதுதான். பழைய மென்பொருளோடு புது கிளட்ச் போட்டால், பழைய பழக்கம் உள்ள மாப்பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்ட மாதிரித்தான்.

நாற்பது வளைவு:

மாப்பிள்ளை உதாரணம் அருமை. எங்கள் வீட்டில் படித்துக் காட்டப் போவதில்லை.

சிறுசேரி ஷிஃப்ட்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய பேப்பர் சொன்னபடியே ஈமெயில் போட்டேன், ஜாப் கார்டு ஐந்தும் இணைத்து. நாலு நாள் சத்தமே இல்லை. அப்புறம் அட்வைசர் இல்லை, அவருக்கு மேலே ஒருவர் போன் செய்தார். குரலே வேறு. எழுத்தில் காரணம் தரச் சொன்னதற்கு மட்டும் கடைசி வரை பதில் வரவில்லை. நாலைந்து போனுக்குப் பிறகு கிளட்ச் செட்டுக்கு ஆகும் விலையில் பாதியை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், மீதிப் பாதியும் லேபரும் என் தலையில். சண்டை போட்டால் முழுசும் வந்திருக்கலாம். எனக்குத் தெம்பு இல்லை, வண்டி இல்லாமல் ஆபீஸ் கேப்பில் போய்க்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்து அண்ணா, நீங்கள் சொன்னதைக் கேட்டேன். என் வண்டியில் இருந்தது இரண்டு பதிப்பு பழசு. மூன்று வருடத்தில் ஐந்து சர்வீஸ், ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. புதிதை ஏற்றிய பிறகு இரண்டாவது கியருக்கு அவ்வளவு அவசரமாக ஓடுவதில்லை, இது எனக்கே தெரிகிறது.

இரண்டு வாரமாக ஸ்பேனர் அண்ணன் முறையில் ஓட்டுகிறேன். இடம் விடுகிறேன், ஆட்டோ வருகிறது, மறுபடி இடம் விடுகிறேன். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ஆபீசுக்கு ஆறு நிமிடம் கூடுதலாகிறது, அளந்து பார்த்தேன். வாடை இல்லை, உதறல் இல்லை. பேஸ்மெண்ட் சரிவில் கேட் திறக்கும் வரை பிரேக்கிலேயே நிற்கிறேன், வாட்ச்மேன் "என்ன சார் வண்டி ஏற மாட்டேங்குதா" என்கிறார்.

ஆனாலும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை டார்க் கன்வெர்ட்டர் வண்டி ஒன்றை டெஸ்ட் டிரைவ் எடுத்தோம். இந்த முறை ஈ.சி.ஆர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்கு டைடல் பார்க் சிக்னலில் இருந்து பெருங்குடி வரை. விற்க வந்த பையன் பாவம், முழி பிதுங்கிவிட்டது. வண்டி மந்தம்தான், மிதித்தால் யோசித்துத்தான் போகிறது, என் வண்டியின் இழுவையில் பாதி கூட இல்லை. வீட்டம்மா ஓட்டினார், பிரேக்கை விட்டு விட்டு உருட்டிக்கொண்டே ஒரு மணி நேரம். இறங்கியதும் "இதுல என்ன பிரச்சினை" என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

என் வண்டியை வாங்குகிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்பேன். ஹைவேயில் ஓட்டுகிற ஆளாகக் கிடைத்தால் நல்லது. கோவை, பெங்களூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பன்னிரண்டு பதிமூணு ஸ்பேனர்:

நல்லது தம்பி. பழைய பிளேட்டை வாங்கினீர்களா?

சிறுசேரி ஷிஃப்ட்:

வாங்கினேன் அண்ணா. ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு என்றார்கள், கிடைக்கும் வரை உட்கார்ந்திருக்கிறேன் என்றேன், கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. ஒரு பக்கம் நீலம் பாய்ந்து இருக்கிறது. டிக்கியில் கிடக்கிறது, அதையும் சேர்த்துத்தான் விலை.